மணமுறிவும் மனைவியின் சம்மதமும்

திருமணத்திற்குப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறோம். மணமுறிவுக்கும் அவளது சம்மதத்தைக் கேட்க வேண்டாமா? இக்கேள்விக்கு யூதர்களின் வரலாற்றில் ஒரு விடை உண்டு. நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு விடை உண்டு.

யூதர்களின் பழைய வேதச் சட்டப்படி, கணவன் ஒரு விலக்குச் சீட்டை எழுதி மனைவியின் கையில் கொடுத்தால் மணம் முறிந்துவிடும். அச்சீட்டுக்குக் 'கெட்' என்று பெயர். அவள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது செல்லும். அவளுக்கிருந்த முக்கியக் காப்பு, திருமணத்தின்போது எழுதிய ஒப்பந்தம். விலக்கும் கணவன் அதில் கண்ட பணத்தை அவளுக்குக் கொடுத்தாக வேண்டும்.

சுமார் 1000ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மைன்ஸ் நகரில் கெர்ஷோம் என்னும் யூதப் பேரறிஞர் வாழ்ந்தார். அவர் பெயரால் இரண்டு கட்டளைகள் வழங்குகின்றன. மனைவி இருக்கையில் மற்றொருத்தியை மணக்கலாகாது என்பது ஒன்று. மனைவியின் சம்மதமின்றி அவளை விலக்கலாகாது என்பது மற்றொன்று. இவற்றை மீறியவனைச் சமூகமே தள்ளிவைக்கும். இரண்டாம் தாரம் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தால், முதல் மனைவியை விலக்கிவிட்டு அடுத்தவளைக் கட்டிக்கொள்ள வழியிருந்திருக்கும். இரண்டு கட்டளைகளும் சேர்ந்தே அவ்வழியை அடைத்தன.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. சீட்டைக் கொடுக்க வேண்டியவன் கணவனே. அவன் மறுத்தால் மனைவி மறுமணம் செய்ய இயலாது. அத்தகையவளைக் 'கட்டுண்டவள்' என்றே யூதர்கள் அழைப்பர். சமய நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் சீட்டுத் தர மறுப்பவனைச் சிறையிலடைக்கவும் இஸ்ரேலில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களின் தோட்டங்களில் நம் முன்னோர் கோயிலில் தாலி கட்டி வாழ்ந்தனர். 1952ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் ஒருதார மணத்துக்கு மட்டுமே உரியதாயிருந்தது. பலதாரத்தை அனுமதித்த வழக்கப்படி நடந்த திருமணங்களுக்கு அதன் கதவு திறக்கவில்லை.

1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இது முஸ்லிம் அல்லாதாருக்கு உரியது. அன்றுமுதல் மனைவி இருக்க மற்றொரு திருமணம் செல்லாது. அது குற்றமும் ஆகும். அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்கள் பதிவு பெற்றவையாகவே கருதப்படும்.

கணவனும் மனைவியும் ஒத்துப் பிரிய விரும்பினால், திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்தபின் கூட்டாக மனுச் செய்யலாம். இருவரும் மனமாரச் சம்மதித்தார்களா, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு உண்டா என்பதை நீதிமன்றம் பார்க்கும். ஒருவர் சம்மதிக்க மறுத்தால் மற்றவர் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. மணவாழ்வு மீளமுடியாதபடி முறிந்துவிட்டதென்று அவர் தனியே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுகள் கைவிட்டுச் சென்றது போன்றவற்றை நீதிமன்றம் கருத்திற்கொள்ளும். அதற்கு முன், பொதுவாக, விவகாரம் சமரசக் குழுவின் முன் செல்ல வேண்டும்.

தாய்மார்களே, ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். லயத்தில் நாலு பெரியவர்கள் முன்னிலையில் தாளில் எழுதிக் கைநாட்டு வாங்குவதால் திருமணம் முறியாது. இருவரும் உயிரோடிருக்கையில் அதை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்பவர் சட்டத்தில் சிக்குவார். அவரை நம்பி வந்தவளும் மனைவிக்குரிய சொத்துரிமையை இழப்பாள். ஆகவே, என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் எத்தாளிலும் கையெழுத்திடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லையெனில் அரசாங்கச் சட்ட உதவித் துறையை நாடிக் கேளுங்கள். சம்மதம் என்பது அறிந்து கொடுப்பது; அச்சத்தால் கொடுப்பது சம்மதமாகாது.