உதிராத முடி

கவூடில் என்று ஒரு நாய். இது ஆஸ்திரேலியாவில் வழங்கும் பெயர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கேவபூ. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலும் சிறிய பூடிலும் சேர்ந்து பிறப்பது. ஐந்திலிருந்து பத்து கிலோ எடை, தொங்கும் காது, சுருள்முடி, பொம்மை முகம். 'முடி கொட்டாது, அலர்ஜி வராது' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பூடிலைப் பிரெஞ்சுச் சீமாட்டியின் நாயாகவே நமக்கு சினிமா பழக்கியிருக்கிறது. பெயர் என்னவோ ஜெர்மன், தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சுட்டு வீழ்த்திய வாத்தை நீந்திப்போய்க் கவ்வி வரும் வேட்டை நாய் அது. நாம் பார்த்துச் சிரிக்கும் அந்த முடிவெட்டுகூட அப்படி வந்ததுதான் என்பார்கள்: நீந்த வசதியாக உடம்பில் மழித்துவிட்டு, குளிர் தாக்காமலிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டார்களாம்.

கேவலியரின் கதை இன்னும் விசித்திரம். இரண்டாம் சார்லஸ் காலத்து ஓவியங்களில் நீண்ட மூக்குள்ள சின்ன ஸ்பானியல்கள் இருக்கும். விக்டோரியா காலத்தில் மூக்கு சப்பையாவதுதான் ஃபேஷன் என்றாகி, பழைய முகம் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் 1926இல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், ஓவியத்தில் உள்ளது போன்ற நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். ஓவியத்தைக் காட்டி நாய் கேட்டார், இருபதே ஆண்டுக்குள் நாய் வந்துவிட்டது. 1945இல் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. கொஞ்ச நாய்களிலிருந்தே பெருக்கியதால் இதய வால்வு நோயும் பரம்பரைச் சொத்தாகக் கூடவே வந்தது.

பூடில் கலப்பு ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் காக்கபூ 1960களிலேயே உண்டு. ஆனால் அதை உலக மோகமாக்கியது ஒரு பெரிய நாய். 1980களின் இறுதியில், ஹவாயிலிருந்த பார்வையற்ற பெண் ஒருவர் மெல்பர்னிலுள்ள வழிகாட்டி நாய்ச் சங்கத்திடம் நாய் கேட்டார். கணவருக்கு நாய் அலர்ஜி. அங்கே இனப்பெருக்கத்தைக் கவனித்துவந்த வாலி கான்ரன் 33 பூடில்களை முயன்று பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் லாப்ரடாரோடு பூடிலைச் சேர்த்தார். மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில் ஒன்று ஒத்துக்கொண்டது.

மிச்சக் குட்டிகளை வளர்க்க ஆள் கிடைக்கவில்லை. கலப்பு நாய் யாருக்கு வேணும்? 'லாப்ரடூடில்' என்று பெயர் சூட்டிப் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தார்கள். தொலைபேசி ஓயவேயில்லை. நாய் அதே நாய்தான், மாறியது பெயர் மட்டும். அதன் பிறகு எந்த நாயோடும் பூடிலைச் சேர்த்து, பெயரை ஒட்டி, காசு பார்க்கலாம் என்றாகிவிட்டது. இதைத் தொடங்கிவைத்ததற்காக வருந்துவதாகக் கான்ரனே பின்னாளில் பலமுறை சொன்னார். தேவைக்காக ஒரு நாயை உண்டாக்கியவரின் வருத்தம் அது. சந்தைக்காக உண்டாக்கியவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை.

சரி, அலர்ஜி? அதைத் தூண்டுவது முடியல்ல, நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள். 2011இல் அமெரிக்காவில் வீட்டுத் தூசியை எடுத்துச் சோதித்தபோது, 'அலர்ஜி தராத' நாய் உள்ள வீட்டுக்கும் மற்ற நாய் உள்ள வீட்டுக்கும் வித்தியாசம் கிடைக்கவில்லை. கான்ரனின் ஹவாய்ச் சோதனை ஒரு குறிப்பிட்ட குட்டியும் ஒரு குறிப்பிட்ட மனிதரும் சம்பந்தப்பட்டது. விளம்பரம் அதை எல்லாக் குட்டிக்கும் எல்லா மனிதருக்குமாக விரித்துவிட்டது.

முடி கொட்டாது என்பதும் பாதி உண்மைதான். கவூடிலோடு கவூடிலைச் சேர்த்தால் ஸ்பானியல் மாதிரி முடி கொட்டும் குட்டியும் பிறக்கலாம். கொட்டாத குட்டியிடம் வேறு தொல்லை: உதிர்ந்த முடி தரைக்கு வராமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேலே பஞ்சுபோல இருக்கும், அடியில் கம்பளமாகத் திரிந்திருக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில் சிடுக்கு விழும். நடக்கும்போதெல்லாம் அது தோலை இழுக்கும். தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும் என்பதால் சிடுக்கெடுத்த பிறகே குளிப்பாட்ட வேண்டும். பிரஷ்ஷால் மேலாகத் தடவினால் போதாது. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல்வரை சீப்பு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குட்டிமுடி போய்ப் பெரியமுடி வரும் ஆறாம் மாதத்திலிருந்து ஒரு வயதுவரை தினமும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு.

'கலப்பு என்பதால் ஆரோக்கியம்' என்பதும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியது அல்ல. லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2024இல் வெளியிட்ட ஆய்வில், கேவபூ உள்ளிட்ட மூன்று பூடில் கலப்புகளுக்கும் அவற்றின் தாய்தந்தை இனங்களுக்கும் பெரும்பாலான நோய்களில் வேறுபாடு இல்லை. ஆகவே குட்டி வாங்கப் போகிறவர் கேவலியர் பக்கத்துப் பெற்றோருக்கு இதயப் பரிசோதனையும் பூடில் பக்கத்துக்குக் கண், முழங்கால் பரிசோதனையும் நடந்ததா என்று கேட்டு, காகிதத்தைப் பார்க்க வேண்டும். விற்பவர் 'அதெல்லாம் வேணாங்க, இது மிக்ஸ்' என்று சிரித்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.