கடலைத் தோலிலிருந்து முகக் கிரீம் வரை

வறுத்த வேர்க்கடலையை உள்ளங்கையில் தேய்த்து, உஃப்பென்று ஊதித் தள்ளுவோமே, அந்தச் சிவப்புத் தோல்? மால்களில் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும் சில முகக் கிரீம்களின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்றால் நம்புவீர்களா?

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். வேதியியலுக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் நாசிக்குக்கு மாற்றலாகி வந்தவன், திராட்சையைப் பற்றித் தெரியாமல் கடன் கொடுக்க முடியுமா? அப்படிப் படிக்கப் போய் மாட்டிய கதை இது.

இடம், பிரான்சின் போர்தோ நகரம். இரண்டாம் உலகப் போர் முடிந்து பஞ்சம் தீராத காலம். எண்ணெய் எடுத்த கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்குப் போடுகிறார்கள். அதில் கலந்திருக்கும் தோல் விஷமா, இல்லையா என்று ஒரு கேள்வி. அதற்கு விடை தேடியவர் ஜாக் மாஸ்கெலியே என்ற இளைஞர். விஷம் இல்லை. மாறாக, ரத்தக் குழாய்ச் சுவரை வலுவாக்கும் நிறமற்ற பொருள் ஒன்று அந்தத் தோலில் இருந்தது. 1948ல் அதுவே அவருடைய ஆய்வேடு ஆனது. பின்னாளில் அதற்கு ஓ.பி.சி. என்று பெயர். (எனக்கு ஓ.பி.சி. என்றால் சிமெண்ட்தான் ஞாபகம் வரும் :-))

மனிதர் அதோடு விடவில்லை. 1951ல் பைன் மரப்பட்டையிலிருந்து அதைப் பிரிக்கக் காப்புரிமை. 1970ல் திராட்சை விதையிலிருந்து. கவனியுங்கள், கடலைத் தோல், மரப்பட்டை, திராட்சை விதை என்று மூன்றுமே குப்பை!

அதுவரை இது ரத்தக் குழாய் மருந்துதான். வெயிலாலும் புகையாலும் தோலில் 'ஃப்ரீ ராடிக்கல்' என்ற அடாவடி மூலக்கூறுகள் உண்டாகின்றன, அவை தோலைத் தளர்த்துகின்றன என்ற புரிதல் பிறகு வலுத்தது. ஓ.பி.சி. அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று மாஸ்கெலியே 1987ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்.

1993 அறுவடையின்போது, போர்தோ அருகே ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வந்த மருந்தியல் பேராசிரியர் வெர்கோத்ரன், ஒயின் பிழிந்தபின் எறியும் விதைகளில் புதையல் இருக்கிறது என்று அந்த வீட்டுப் பெண் மத்தில்டிடமும் அவர் கணவர் பெர்த்ரானிடமும் சொன்னார். இரண்டே வருடத்தில், 1995ல், 'கோடலி' பிறந்தது. நம் காதில் கோடாலி என்று விழுந்தாலும், இன்று உலகமெங்கும் விற்கும் அழகு சாதன நிறுவனம் அது.

இப்போது நம் பக்கம் வருவோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாற்காட்டுக் கடலை பாண்டிச்சேரி வழியாகக் கப்பல் கப்பலாக மார்சேய்க்குப் போனது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். நாம் மூட்டையை விற்றோம், மதிப்பை அங்கே கூட்டினார்கள். இங்கே நாசிக்கில் எனக்கு வரும் ஒயின் ஆலைத் திட்ட அறிக்கைகளிலும் சக்கைக்கு நேரே வருமானம் பூஜ்யம்தான். குறை விதையில் இல்லை. 'இது விஷமா?' என்று கேட்ட ஒருவர், அவர் பின்னால் ஓர் ஆய்வுக்கூடம், 40 வருடப் பொறுமை. அதற்கான கணக்குத் தலைப்பு நம் அறிக்கைகளில் இல்லை.

பின்குறிப்பு, வீட்டம்மாக்களுக்கு: கடலைத் தோலை அரைத்து முகத்தில் பூசிவிடாதீர்கள்! சோதனைக் குழாயில் காட்டிய வீரத்தை இந்தச் சாறுகள் முகத்திலும் அதே அளவு காட்டும் என்பதற்கு ஆதாரம் இன்னும் குறைவுதான். டப்பாவின் விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். வெயிலுக்குக் குடை பிடியுங்கள், செலவு கம்மி.