ஒன்லி

ஒன்லி என்பது ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஆங்கில வினையடை. பெயரடையாகவும் வரும். தமிழில் இதன் வேலையை மட்டும், தான், ஏ ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. இலங்கைத் தமிழில் ‘மாத்திரம்’ பெருவழக்கு. ஒரு சொல்லுக்கு எதிரே மூன்று நிற்பதால், தமிழர் பேசும் ஆங்கிலத்தில் ஒன்லி தனிப் போக்கு ஒன்றைப் பெற்றிருக்கிறது.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தின் ‘ஆன்லிக்’ என்ற வடிவத்திலிருந்து வந்தது. ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லிக்’ என்றால் போன்றது. தமிழின் ‘மட்டும்’ எல்லை, அளவு என்று பொருள்படும் ‘மட்டு’ என்பதிலிருந்து பிறந்தது. ‘வரை’ என்ற பழைய பொருள் யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உண்டு. அங்கே ‘பின்னேரம் மட்டும்’ என்றால் மாலை வரை. ‘ஏ’ மிகப் பழைய இடைச்சொல். ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஒன்லியோடு ஒத்துப்போவது பிரிநிலை.

தொடரில் இடம்

ஆங்கிலத்தில் ஒன்லி பெரும்பாலும் தான் சுட்டும் சொல்லுக்கு முன்னே நிற்கும். இடம் மாறினால் பொருளும் மாறலாம். தமிழில் மட்டும், தான், ஏ மூன்றும் சொல்லுக்குப் பின்னே ஒட்டும். செஞ்சி வட்டத்துத் தொண்டூரில் உள்ள சமணர் கற்படுக்கையை வைத்து இந்த வேறுபாட்டைக் காணலாம் (ஆங்கிலத்தில் ஒன்லி நிற்கும் இடம் முதலில், அதற்கு ஈடான தமிழ் அடுத்து):

• எழுவாயின் முன்: கற்படுக்கையை நான் மட்டும் பார்த்தேன். (உடன் வந்தவர்கள் பார்க்கவில்லை.)
• வினையின் முன்: கற்படுக்கையைப் பார்க்க மட்டும் செய்தேன். (படம் எடுக்கவில்லை.)
• செயப்படுபொருளின் முன்: கற்படுக்கையை மட்டும் பார்த்தேன். (சிற்பத்தைப் பார்க்கவில்லை.)

பேச்சில் ஆங்கிலேயர் பெரும்பாலும் வினைக்கு முன்னேயே ஒன்லியை வைத்துவிட்டு, குரல் அழுத்தத்தால் எதைச் சுட்டுகிறோம் என்று உணர்த்துவர். எழுத்தில் அழுத்தம் தெரியாது என்பதால், சுட்டும் சொல்லை ஒட்டியே அது நிற்க வேண்டும் என்று இலக்கண ஆசிரியர் பலர் வற்புறுத்தினர். பொருள் மயங்காதபோது இந்தக் கெடுபிடி தேவையில்லை என்று 1926இல் வெளியான தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபவுலர் வாதிட்டார்.

தமிழ் இணைகள்

‘மட்டும்’ விலக்கைக் குறிக்கும். சொன்னது தவிர வேறில்லை. ‘தான்’ இரண்டு வேலை செய்யும். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்குராஜனைப் பற்றி, ‘தேசிங்கு ஆண்டது சுமார் பத்து மாதம்தான்’ என்றால் காலத்தின் குறுமை தெரிகிறது. இங்கே ஒன்லி சரியாகப் பொருந்தும். ‘தேசிங்கு ஆண்டது செஞ்சியைத்தான்’ என்றால் அதில் குறைவு எதுவும் இல்லை. வேறு ஊரன்று என்ற உறுதியே இருக்கிறது. பொது ஆங்கிலத்தில் இதற்கு ஒன்லி வராது. தொடரமைப்பையே மாற்ற வேண்டும்.

நிபந்தனைத் தொடரில் ‘தான்’, ‘மட்டும்’ இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன. ‘மழை பெய்தால்தான் மல்லாட்டை விதைக்க முடியும்’ என்பது கட்டாய நிபந்தனை. ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப்’. ‘மழை மட்டும் பெய்திருந்தால் மல்லாட்டை தப்பியிருக்கும்’ என்பது ஏக்கம். ஆங்கிலத்தில் சொற்கள் இடம் மாறி ‘இஃப் ஒன்லி’ ஆகும். (மல்லாட்டை என்பது செஞ்சிப் பகுதியில் வேர்க்கடலையின் பெயர்.) ‘நாட் ஒன்லி’ என்பதற்கு ‘மட்டுமல்ல’, ‘மட்டுமின்றி’ என்பவை ஈடாகும், அவற்றை அடுத்து வரும் சொல் ‘உம்’ ஏற்கும்.

தமிழர் ஆங்கிலத்தில்

செஞ்சிப் பேருந்து நிலையத்தில் ‘இந்த பஸ் தொண்டூர் போகுமா?’ என்று கேட்டால் ‘தொண்டூர்தான் போகுது, ஏறுங்க’ என்று பதில் வரும். இதையே ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால் ‘திஸ் பஸ் இஸ் கோயிங் டு தொண்டூர் ஒன்லி’ என்பார்கள். கேட்பவர் ஆங்கிலேயர் என்றால், வண்டி தொண்டூர் தவிர வேறெங்கும் போகாது என்று எடுத்துக்கொள்வார். சொன்னவர் கொடுத்ததோ உறுதிமொழி. ‘அங்கேயே இரு’ என்பது ‘பி தேர் ஒன்லி’ ஆவதும், ‘இப்போதான் வந்தேன்’ என்பது ‘நவ் ஒன்லி ஐ கேம்’ ஆவதும் இவ்வாறே. ‘காலையிலேயே’ என்பதன் ஏகாரம் சில வேளை ‘மார்னிங் இட்செல்ஃப்’ என்று வேறு சொல்லை நாடுகிறது.

இந்தியில் ‘ஹீ’ என்ற இடைச்சொல்லும் சொல்லுக்குப் பின்னே வருவதால், இவ்வழக்கு தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. இந்தியப் பேச்சு ஆங்கிலத்தின் தொடரியல் குறித்துக் கிளாடியா லாங்கே 2012இல் வெளியிட்ட நூல் ஒன்லி, இட்செல்ஃப் இரண்டையும் இந்திய ஆங்கிலத்தின் அழுத்தக் குறிகளாக ஆராய்கிறது. பள்ளியில் பிழை என்று திருத்தப்பட்டாலும், இவ்வழக்கு மனம்போன போக்கில் வருவதல்ல. தமிழில் தான் அல்லது ஏ எந்தச் சொல்லோடு ஒட்டுமோ, பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒன்லி நிற்கிறது.

எழுத்திலும் பலகையிலும்

காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி முடித்ததும் ‘ஒன்லி’ என்றோ ‘மட்டும்’ என்றோ சேர்ப்பது வழக்கம். ‘ரூபாய் ஐயாயிரம்’ என்று நிறுத்தினால் பின்னால் ‘ஐந்நூறு’ என்று எவரும் நுழைத்துவிடலாம். ‘மட்டும்’ அந்த வழியை அடைக்கிறது. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் (பிரிவு 18) கூறுவதால், எழுத்தால் எழுதிய தொகைக்குக் காவல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ரசீதுகளிலும் கடன் பத்திரங்களிலும் இதே முறை உண்டு.

பலகைகளில் ‘லேடீஸ் ஒன்லி’, ‘பெண்கள் மட்டும்’ இரண்டும் அருகருகே காணக் கிடைப்பவை. அந்தப் பலகைத் தொடரின் சாயலில் ‘மகளிர் மட்டும்’ என்ற தலைப்பில் 1994இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் ஒரு படமும், 2017இல் பிரம்மா இயக்கத்தில் மற்றொரு படமும் வந்தன. பலகைத் தமிழில் ‘தான்’ வருவதில்லை. அங்கே வேண்டியது விலக்கு. அது ‘மட்டும்’ செய்யும் வேலை.