பருத்திக்காட்டு மகள்
அத்தியாயம் 7: அழைக்காமலே எழுந்தவர்

1912 ஆகஸ்ட், சிகாகோ. தேசிய நீக்ரோ வணிகக் கழகத்தின் மாநாடு. மேடம் சி. ஜே. வாக்கருக்குப் பேச ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று இண்டியானாபொலிஸ் பத்திரிகை அதிபர் ஜார்ஜ் நாக்ஸ் எழுந்து கேட்டார். தலைமை வகித்த புக்கர் டி. வாஷிங்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

கடைசி நாள். மேடையிலிருந்து யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. வாக்கர் தாமாகவே எழுந்தார். என் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்திவிடமாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்று தொடங்கினார். தெற்கின் பருத்திக்காட்டிலிருந்து வந்தவள் நான் என்றார். அங்கிருந்து சலவைத் தொட்டிக்கும், சலவைத் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் போனதையும், அதற்குப் பிறகு தம்மைத் தாமே தொழிலதிபராக உயர்த்திக்கொண்டதையும் சொன்னார். என் சொந்த நிலத்தில் என் சொந்தத் தொழிற்சாலையைக் கட்டியிருக்கிறேன் என்று முடித்தார். அப்போதும் மேடையிலிருந்து ஒரு பாராட்டு வரவில்லை. அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார் வாஷிங்டன்.

பருத்திக்காடு என்று அவர் சொன்னது அலங்காரத்துக்கல்ல. 1867 டிசம்பர் 23 அன்று லூசியானாவின் டெல்டா என்ற ஊரில், பர்னி குடும்பத்தின் பருத்தித் தோட்டத்தில் சாரா பிரீட்லவ் என்ற பெயரோடு பிறந்தவர் அவர். தாயும் தகப்பனும் அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் அடிமையாகப் பிறக்காத முதல் பிள்ளை சாராதான். விடுதலை வந்த பிறகும் அதே மண்ணில்தான் பங்குக்குப் பயிர் செய்தார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாக்கர் சிகாகோவில் பேசிய அதே 1912இல், கங்காணிக் கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் நம் பாட்டன் பாட்டிமார் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது.

ஏழு வயதில் அநாதை, பதினான்கில் கல்யாணம், இருபதில் கைம்பெண், கையில் லீலியா என்ற சிறு பெண் குழந்தை. செயின்ட் லூயிஸ் நகரில் வருடக்கணக்காக ஊரார் துணிகளை வெளுத்தார். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகளில் தலைக்குக் குளிப்பதே அரிது. உச்சந்தலை நோய் அந்தக் காலத்துக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இருந்தது. ஆனி டர்ன்போ என்ற இன்னொரு கறுப்பினப் பெண் அதற்குத் தைலம் செய்து விற்றுக்கொண்டிருந்தார். சாரா முதலில் அவருடைய ஏஜென்டாகத்தான் வேலை செய்தார். வாக்கரைப் புகழும்போது ஆனியை மறைத்துவிடுவது நியாயமல்ல. 1905இல் டென்வருக்குப் போன சாரா, அடுத்த வருடம் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, அவர் பெயரையே சரக்குக்கும் வைத்துச் சொந்தமாக விற்கத் தொடங்கினார்.

அவர் விற்ற தைலத்தை விட, விற்ற முறைதான் என்னை இந்தத் தொடர் எழுத வைத்தது. 1908இல் பிட்ஸ்பர்க்கில் மகள் பெயரால் லீலியா கல்லூரியைத் திறந்தார். நேரில் வர முடியாதவர்கள் தபாலிலேயே படித்தார்கள். தலை கழுவவும் தைலம் பூசவும் சூடான சீப்பால் முடியை வாரவும் பழகியவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. பிறகு அவர் சரக்கை வாங்கி வீடு வீடாகப் போய் விற்பார். நேற்று வரை வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் நின்றவர், இன்று தன் பெயரில் கணக்கு வைப்பார். ரயில் பாதைகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து கூடும் இண்டியானாபொலிஸுக்கு 1910இல் தொழிற்சாலை வந்தது. தபால் வியாபாரத்துக்கு அதைவிடத் தோதான ஊர் ஏது? சுருள்முடியை நீட்டச் சொல்லி வெள்ளையரைப் போல ஆக்கப் பார்க்கிறார் என்ற குற்றச்சாட்டும் வந்தது. முடியை வளர்க்கிறேன், நிமிர்த்தவில்லை என்றார் அவர். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் சம்பளம் பெண்ணின் கைக்கே போவது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத் தெரியும். கொழுந்து எடுத்தவள் மலையில் நிற்க, அவள் சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ போய் வாங்கிய காலம் நம் தோட்டங்களில் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் நமக்கு வந்தது.

சிகாகோவுக்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1913 ஜூலையில் இண்டியானாபொலிஸுக்கு வந்த வாஷிங்டன், வாக்கரின் வீட்டில்தான் விருந்தாளியாகத் தங்கினார். ஆகஸ்டில் நடந்த அடுத்த மாநாட்டில் அவரே எழுந்து வாக்கரைப் பேச்சாளராக அறிமுகப்படுத்தினார்.

இனி அவருக்குத் திறக்காத கதவு இல்லை என்று ஊர் பேசியது. 1917 ஜூலையில் கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று வீடுகளைக் கொளுத்தியது. அதே மாதம் 28ஆம் தேதி நியூயார்க் தெருவில் ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் ஊர்வலம் போனார்கள். பறையொலி மட்டும் கேட்டது. ஆகஸ்ட் 1 அன்று ஹார்லெம் தலைவர்கள் சிலர் வெள்ளை மாளிகைக்கு மனு கொண்டு போனார்கள். எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனும் மேடம் வாக்கரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஜனாதிபதி உட்ரோ வில்சனை நேரில் பார்க்க வேண்டும், கும்பல் கொலையைக் குற்றமாக்கச் சட்டம் கேட்க வேண்டும். அவர்களை எதிர்கொண்டவர் ஜனாதிபதியின் செயலாளர் ஜோசப் டமல்ட்டி.

டமல்ட்டி சொன்ன பதில் என்ன? அதைக் கேட்டுத் திரும்பிய வாக்கர், அதே மாதக் கடைசியில் பிலடெல்பியாவில் கூடிய தம் ஏஜென்டுகள் இருநூறு பேரிடம், முடியையும் தைலத்தையும் விட்டுவிட்டு எதைக் கேட்டார்?

(தொடரும்)