முதல் ஒன்பது மாணவியரும் தமிழ்ப் பிள்ளைகளே

மலாக்காவிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் சபைகளைத் தாங்கிய மூத்த அன்னையரின் ஊழியத்தை இம்மலரை வாசிக்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர்கள் கையால் எழுத்துக் கற்றவர்களும் உணவு உண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே, அந்த அன்னையருக்கெல்லாம் முன்னோடியாக வாழ்ந்த ஒருவரை இங்கே நினைவுகூர்வது தகும். சோபியா பிளாக்மோர் அம்மையார் 87 ஆண்டுகள் வாழ்ந்தவர். அவற்றுள் ஏறத்தாழ 40 ஆண்டுகளை இந்தத் தீபகற்பத்தின் தென்முனைக்கு ஈந்தவர்.

ஊழியம் செய்யும் பெண் என்றதும் நம் பிரசங்கிமார் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் தைத்துக் கொடுத்த அங்கிகளை விதவைகள் பேதுருவிடம் அழுதபடி எடுத்துக் காட்டிய காட்சி யார் மனத்தையும் உருக்கும். ஆனால் அதே நூலின் 18ஆம் அதிகாரத்தில் பிரிஸ்கில்லாள் இருக்கிறாள். கணவன் ஆக்கில்லாவோடு கூடாரம் செய்து பிழைத்தவள். அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், சொல்வன்மை மிக்கவன். அவனையே தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அவனுக்கு இன்னும் திருத்தமாக விளக்கியவர்கள் அந்தத் தம்பதியர். உழைக்கும் கையும் கற்பிக்கும் நாவும் ஒரே பெண்ணிடம் இருந்தன. தபீத்தாளைப் போற்றும் அளவுக்கு நம் சபைகள் பிரிஸ்கில்லாளைப் போற்றவில்லை என்பதே இக்கட்டுரையின் ஆதங்கம். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபமும் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் விளங்கிய விசுவாசத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

மெதடிஸ்ட் மரபின் வேரிலும் ஒரு தாய் நிற்கிறார். ஜான் வெஸ்லியின் அன்னை சூசன்னா 1669இல் பிறந்தவர். 19 பிள்ளைகளைப் பெற்று, பலரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். எப்வொர்த் குருமனையில் நாள்தோறும் ஆறு மணி நேரம் அவரே பாடம் நடத்தினார். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துக் கற்பிக்கவென்றே ஒரு நாளை ஒதுக்குவார். நன்றாக வாசிக்கத் தெரியும் வரை எந்தப் பெண் பிள்ளையையும் தையல் முதலிய வேலைகளில் பழக்கக் கூடாது என்பதும் அவர் வகுத்த விதி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சொல்ல எத்தனை துணிவு வேண்டும்!

1711-12 குளிர்காலத்தில் கணவர் சாமுவேல் லண்டன் சென்றிருந்தார். ஞாயிறு மாலைகளில் சூசன்னா தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் பிரசங்கம் வாசித்து ஜெபித்தார். அக்கம்பக்கத்தாரும் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறைத் தாண்டியது. உதவிக் குரு முறையிட, கணவர் கடிதத்தில் ஆட்சேபித்தார். நிறுத்த வேண்டுமானால் வேண்டுகோளாகச் சொல்லாமல் தெளிவாகக் கட்டளையிடுங்கள்; அப்போதுதான் நியாயத்தீர்ப்பு நாளில் என்மேல் பழி வராது என்ற கருத்தில் பதில் எழுதினார் அந்த அம்மையார். கூட்டம் தொடர்ந்தது.

அந்தப் பரம்பரையில் வந்தவரே பிளாக்மோர். 1857இல் ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில் பிறந்தார். அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் 1869இல் பாஸ்டனில் தொடங்கிய அயல்நாட்டு மிஷன் சங்கம் அவரை அனுப்பியது. சிங்கப்பூர்ப் பணிக்குப் பணம் ஏது என்று சங்கத்தார் தயங்கியபோது, 3,000 டாலருக்குத் தம் கிளை பொறுப்பு என்று எழுந்து நின்றவர் மினசோட்டாவின் மேரி நைண்ட் அம்மையார். 1887 ஜூலையில் பிளாக்மோர் சிங்கப்பூரில் கால் வைத்தார். அடுத்த மாதமே ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி திறந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று கேட்டு இடமும் கொடுத்தவர்கள் இந்திய வணிகர்கள். வந்து அமர்ந்த ஒன்பது மாணவியரும் தமிழ்ப் பிள்ளைகள். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்ற பெயரோடு பிறந்ததே இன்றைய சிங்கப்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. தமிழராகிய நாம் இதைத் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

மறு ஆண்டே சீனப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி. வாசற்படி தாண்டாத நோன்யாப் பெண்களிடம் பேச அவர் மலாய் கற்று வீடு வீடாகச் சென்றார். மலாக்காவின் பாபா குடும்பங்களையும் காஜா பெராங் செட்டிகளையும் அறிந்தவர்களுக்கு அந்த வீட்டு மலாயின் அருமை தெரியும். படிக்க வந்த பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். மலாயில் இதழ் நடத்தினார். எழுபதை எட்டும் வயதில் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, 1945 ஜூலையில் இறைவனடி சேர்ந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குப் பெண் கல்வி புதிதல்ல. உடுவில் மகளிர் பள்ளி 1824இலேயே தோன்றியது. அங்கே எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தார். தோட்டத்து மகளின் கதையோ வேறு. மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் ரப்பர் பயிரிட்டபோது, ஷார்ட் ஸ்திரீட் பள்ளிக்கு ஒன்பது வயது. பின்னர் அசஹானிலும் மெர்லிமாவிலும் மாச்சாப்பிலும் லயங்கள் எழுந்தன. இருள் பிரியுமுன் தாய் பிரட்டுக்குப் போவாள்; கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்கு; அதற்கடுத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் வீட்டில் நின்றுவிடுவாள். சூசன்னாவின் விதி அந்த மகளைச் சென்றடையப் பல காலம் ஆயிற்று. அவளுக்கு அரிச்சுவடி காட்டிய ஞாயிறு பள்ளி அம்மாக்களின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் ஏறவில்லை.

இப்போது தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். சபை வாலிபர்களே, எண்பதைக் கடந்த அம்மாக்களிடம் போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் எழுத்துக் கற்பித்தது, முதலில் வாசித்த வேதபகுதி எது என்று கேட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். மாதர் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகள் அலமாரிகளில் செல்லரிக்குமுன் படியெடுங்கள். ஒரு படி சபை அலுவலகத்தில் இருக்கட்டும். இன்னொன்று அந்த அம்மாவின் பேத்தி கையில் இருக்கட்டும்.