பழைய டிராக்டரும் சிறுநிலக் குடும்பமும்: காவிரிப் படுகையில் பராமரிப்பின் வரலாறு

தமிழக வேளாண்மை வரலாற்றை எழுதியோர் இயந்திரங்களின் வருகையைப் பற்றி விரிவாகவே பேசியுள்ளனர். எந்த ஆண்டில் எத்தனை டிராக்டர்கள் வந்தன, எந்தக் கடன் திட்டத்தில் வந்தன, அவற்றால் கூலியாட்கள் எவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்னும் வினாக்களுக்கு ஓரளவு விடை உண்டு. வந்த இயந்திரம் பின்னர் எவ்வாறு உயிரோடு வைத்துக்கொள்ளப்பட்டது என்பது பெரும்பாலும் கேட்கப்படாத வினாவாகும். ஒரு டிராக்டர் முப்பது, நாற்பது ஆண்டுகள் வயலில் உழைக்கிறது. அக்காலம் முழுவதிலும் அது வாங்கப்பட்ட நாள் ஒரு நாள் மட்டுமே. எஞ்சிய நாள்களின் வரலாறு எண்ணெய் மாற்றுதல், மசகு இடுதல், பழுது பார்த்தல், கடன் சொல்லி உதிரிப்பாகம் வாங்குதல் ஆகியவற்றின் வரலாறேயாகும். காவிரிப் படுகையின் சிறுநில உழவரை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றின் சில கூறுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. டிராக்டரை உழவுந்து, இழுவை இயந்திரம், உழுவை எனப் பலவாறு மொழிபெயர்த்துள்ளனர். இவற்றுள் ‘உழுவை’ சுவையான தேர்வு. சங்க இலக்கியத்தில் அச்சொல் புலியைக் குறிப்பது. ஈழத்தில் ‘உழவு இயந்திரம்’ என்பது நன்கு வேரூன்றிய வழக்கு. காவிரிப் படுகையில் உழவர் வாயில் வழங்குவது டிராக்டர் என்பதே. ஆய்வுப்பொருள் அவர்தம் வாழ்வாதலின் இக்கட்டுரையும் அச்சொல்லையே கொள்கிறது.

வருகை

விடுதலைக்குப் பின் இந்தியாவில் டிராக்டர் முதலில் அரசின் கருவியாகவே இருந்தது. கான்ஸ் என்னும் ஆழவேர்ப் புல் மண்டிக்கிடந்த நடு இந்திய நிலங்களைத் திருத்துவதற்கெனக் கனரக டிராக்டர்கள் வாங்க உலக வங்கி 1949இல் ஒரு கோடி டாலர் கடன் வழங்கியது. அவ்வங்கி இந்தியாவுக்கு அளித்த தொடக்கக் கடன்களுள் அது ஒன்று. அவ்வியந்திரங்கள் மைய அரசின் டிராக்டர் அமைப்பின் பொறுப்பில் இருந்தன; உழவருக்கும் அவற்றுக்கும் உடைமை உறவு ஏதுமில்லை.

உள்நாட்டு உற்பத்தி 1959இல் பரிதாபாத்தில் ஐஷர் நிறுவனத்தால் தொடங்கியது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் கூட்டுறவுடன் அமைந்தது; செம்பியத்தில் அதன் ஆலை எழுந்தது. 1963இல் மகிந்திரா குழுமம் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் இணைந்து பி-275 வகையைத் தயாரிக்கத் தனி நிறுவனம் கண்டது. தமிழகத்தில் மிகப் பரவிய 36 குதிரைத்திறன் கொண்ட மாசி 1035, இங்கிலாந்தில் 1956இல் பெர்குசன் 35 என வெளிவந்து அடுத்த ஆண்டே மாசி பெர்குசன் 35 எனப் பெயர் மாறிய வண்டியின் வழித்தோன்றலாகும். பிறந்த நாட்டில் அவ்வடிவமைப்பு கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் இங்கு அதன் மரபு நீடித்தது. இதனைத் தொழில்நுட்பப் பின்தங்கல் என்று மட்டும் கூறிவிடுவது பொருந்தாது. வடிவமைப்பு மாறாதிருந்தமையால் ஒரு வண்டியின் பாகம் இருபது ஆண்டு பழைய மற்றொன்றுக்குப் பொருந்தும் வாய்ப்பு மிகுந்தது. ஒரு மெக்கானிக் கற்ற கைப்பழக்கம் அவர் வாழ்நாள் முழுதும் பயன்பட்டது. சிறுநில உழவர் டிராக்டர் வைத்திருக்க முடிந்தமைக்கு இம்மாறாமை முதன்மையான காரணம் எனலாம்.

தஞ்சை மாவட்டம் 1960இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் 30 தர ஏக்கர் என வரம்பு வகுத்து, 1970இல் அதனை 15 ஆகக் குறைத்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. இச்சூழலில் புது டிராக்டரை வாங்கியோர் பெரும்பாலும் பெருநிலக்காரர். கூலிப் போராட்டங்கள் வலுத்திருந்த அக்காலத்தில் டிராக்டர் உழவுக் கருவியாக மட்டும் பார்க்கப்படவில்லை. ஆட்களின் பேரவலிமையைக் குறைக்கும் கருவியாகவும் பார்க்கப்பட்டது. இவ்வரலாறு முன்பே பேசப்பட்டதாதலின் இங்கு விரிக்கவில்லை.

கைமாறிய வண்டி

இந்தியாவில் சராசரி நிலக் கைப்பற்றின் அளவு 1970-71இல் 2.28 ஹெக்டேராக இருந்து 2015-16இல் 1.08 ஹெக்டேராகக் குறைந்ததை வேளாண்மைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. தமிழகத்தில் அது இன்னும் குறைவு. இத்தகைய நிலத்துக்குப் புது டிராக்டர் கட்டுப்படியாகாது என்பது பொருளியலார் கூற்று. கூற்று சரியே. ஆயினும் சிறுநில வீடுகளின் கொட்டகையில் டிராக்டர் நிற்கிறது. அது புதிதன்று. பெருநிலக்காரரிடமிருந்து வாடகைக்கு ஓட்டுபவரிடமும் அவரிடமிருந்து மூன்றாம் கையாகச் சிறுநிலக்காரரிடமும் வந்து சேர்ந்தது. விலை குறைந்த இடத்தில் பராமரிப்பு ஏறிக்கொள்கிறது. பழைய டிராக்டரின் உண்மை விலை பல ஆண்டுகளாகத் தவணை தவணையாகப் பட்டறையில் செலுத்தப்படுவது என்று கொள்ள வேண்டும்.

மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் தம் நிலத்தை மட்டும் உழுது வண்டியைக் காப்பாற்ற இயலாது. அண்டை வயல்களைக் கூலிக்கு உழுதாக வேண்டும். படுகையில் நிலம் மா, குழிக் கணக்கில் வழங்குவது. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர். மாட்டு ஏரின் காலத்தில் உழவு ஏர்க்கணக்கில் பேசப்பட்டது. டிராக்டர் வந்தபின் மணிக்கணக்கு புகுந்தது. இங்கு ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. பழைய வண்டிகளின் மணிக்காட்டி எஞ்சினின் சுழற்சியை எண்ணுவது. குறித்த வேகத்தில் ஓடினால் மட்டுமே அதன் ஒரு மணி கடிகாரத்தின் ஒரு மணியாகும். வேகம் குறைந்தால் அது மெல்ல நகரும். அதன் கேபிள் அறுந்த பின் கைக்கடிகாரமே சாட்சி. அப்போது வயல் திரும்புவதற்கும் வரப்பில் நின்று பேசுவதற்கும் ஆன நேரம் யார் கணக்கில் சேரும் என்னும் வழக்கு எழுகிறது. எனவே பழைய வண்டிக்காரருள் பலர் மாவுக்கு இவ்வளவு எனப் பழைய நில அளவுக்கே திரும்பிவிடுகின்றனர். அறுந்த கேபிளால் ‘மா’ என்னும் சொல் மீண்டும் கூலிப் பேச்சுக்குள் வந்தது.

சேறும் நாளும்

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் 12இல் அதனைத் திறப்பது மரபு. நீர்வரத்தைப் பொறுத்து அந்நாள் முன்னும் பின்னும் நகர்ந்துள்ளது. வாய்க்காலில் நீர் வந்தவுடன் குறுவைக்கு எல்லா வயல்களும் ஒரே வேளையில் உழவு கேட்கும். அதைவிட நெருக்கடியானது குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் அறுத்து, உழுது, நட்டு முடிக்க வேண்டும். அவ்வேளையில் வண்டி நின்றுவிட்டால் இழப்பு பழுதுச் செலவோடு முடிவதில்லை. நாற்று முற்றும், நட்ட பயிர் வேர்பிடிக்கும் முன் மழைநீரில் மூழ்கும், கூலி உழவுக்கு வாக்குக் கொடுத்த அண்டை வயலும் தரிசாய் நிற்கும்.

சேற்றுழவு டிராக்டருக்கு இயல்பான பணியன்று. பெர்குசன் வகுத்த மும்முனை இணைப்பும் அதன் நீரழுத்த அமைப்பும் கட்டாந்தரையில் கலப்பை சந்திக்கும் எதிர்ப்பை உணர்ந்து தூக்கவும் இறக்கவும் அமைந்தவை. இடுப்பளவு இறங்கும் தொளியில் அவ்வுணர்வுக்கு வேலை குறைவு. உழவர் கண்ட விடை கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம். அது வண்டியைச் சேற்றில் மிதக்கவும் சேற்றைக் கலக்கவும் உதவுகிறது. அதனாலேயே வண்டி தேய்கிறது. பின் அச்சின் முனையில் உள்ள எண்ணெய்க் காப்பு வளையம் மணற்சேற்றால் அரிக்கப்படும்போது நீர் உள்ளே புகுகிறது. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அதைக் கண்டும் ‘இந்தப் பட்டம் முடியட்டும்’ என ஓட்டுவதா, வண்டியை நிறுத்திப் பிரிப்பதா என்பதே பழைய டிராக்டர் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் முடிவு. ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் போகக்கூடும். நிறுத்தினால் நடவு போகும்.

உயிருக்கான இடரும் உண்டு. சேற்றில் புதைந்து சக்கரம் வெறுமனே சுழலும்போது அதன் குறுக்கே கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற்ற முயல்வோர் உளர். சக்கரம் நகர மறுத்து அச்சு மட்டும் முறுக்கேறினால் வண்டியின் முன்பகுதி மேலெழுந்து ஓட்டுநர்மீது பின்புறமாகக் கவிழும். பின்னோக்கி எடுப்பதும், இயலாதெனில் மற்றொரு வண்டியால் இழுப்பதுமே முறை. தேய்ந்த பிரேக்கும் இவ்வகைப்பட்டதே. வரப்போரம் திரும்புவதற்கு இடம், வலம் எனத் தனித்தனி மிதிகள் உண்டு. சாலைக்கு ஏறும்போது இரண்டையும் கொக்கியால் பிணைக்க வேண்டும். கொக்கி உடைந்துபோன வண்டி வயலில் குறையின்றி உழும். நெல் மூட்டை ஏற்றிச் சாலையில் போகும்போதுதான் அதன் குறை தெரியும்.

வீட்டின் அன்றாடம்

கையேடு எஞ்சின் எண்ணெயை பெரும்பாலும் 250 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. மணிக்காட்டி ஓடாத வீட்டில் அது பட்டத்தால் அளக்கப்படுகிறது: குறுவைக்கு முன் ஒன்று, தாளடி முடிந்து ஒன்று. விடியலில் ரேடியேட்டர் நீரும் எண்ணெய்க் குச்சியும் பார்க்கப்படும். சேற்றில் இறங்கிய நாளில் மாலையில் வண்டியைக் கழுவி, கிரீஸ் நிப்பிள்களில் உள்ளிருக்கும் சேற்று மசகு வெளியேறிப் புது மசகு தெரியும்வரை அடிக்க வேண்டும். கோடைப் புழுதி உழவில் கவனம் காற்று வடிகட்டிக்கு மாறும். அதன் அடிக்கிண்ண எண்ணெய் ஒரே நாளில் கூழாகிவிடும். விட்டுவிட்டால் புழுதி சிலிண்டருக்குள் சென்று உருளையையும் வளையங்களையும் தேய்த்துவிடும். அதன் விளைவை நீலப்புகையாக ஊரே காணும். டீசல் தொட்டியை மாலையிலேயே நிரப்பி வைப்பது நல்ல வழக்கம். வெற்றிடத்தில் இரவுக் குளிரால் படியும் நீர் எண்ணெயில் கலவாது. டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்தால், வடிகட்டியின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்துக் குமிழ் நிற்கும்வரை காத்திருப்பதைப் பள்ளி செல்லும் பிள்ளையும் அறிந்திருக்கும். பேட்டரி வலுவிழந்த வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பதும் ஒரு பராமரிப்பு முறையே.

இவ்வேலைகளை ஆண்மகனின் வேலை என்று கருதுவது வழக்கம். ஆனால் வண்டிக்குச் செலவிடும் முடிவு அவரால் மட்டும் எடுக்கப்படுவதன்று. எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்ய வேண்டிய ஆண்டில் பணம் பெரும்பாலும் நகைக்கடனிலிருந்து வருகிறது. நகை மனைவியுடையது. அந்த வகையில் பழைய டிராக்டரின் இரண்டாம் வாழ்வுக்கு முதல் இட்டவர் பெண்கள் ஆவர். பதிவுச் சான்றில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இராது.

ஆயுத பூசைக்கு வண்டி துலக்கிக் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகிறது. மாட்டுப் பொங்கலில் மாட்டோடு அதற்கும் மாலை. இதனை மாட்டின் இடத்தை இயந்திரம் பெற்றமைக்கான குறியீடாக விளக்குவர். வேறொன்றும் நோக்கத்தக்கது. ஆயுத பூசை புரட்டாசி, ஐப்பசியில், குறுவை முடிந்து தாளடி தொடங்கும் இடைவெளியில் வருகிறது. எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் நீங்கிய வண்டியில்தான் கசிவு எங்கே என்பதும் எந்தப் போல்ட் தளர்ந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும். சடங்கு, வேண்டிய வேளையில் நிகழும் ஒரு சோதனையாகவும் அமைந்துவிடுகிறது.

பட்டறை

மர ஏருக்குத் தச்சரும் கொழுவுக்குக் கொல்லரும் இருந்தனர். அவர்தம் ஊதியம் அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. அதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். டிராக்டர் மெக்கானிக்குக்கு அத்தகைய உரிமை இல்லை. அவருக்குப் பணமே கூலி. எனினும் உதிரிப்பாகக் கடைக்கும் பட்டறைக்கும் உரிய பாக்கி தீர்வது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்த பிறகே. நெல்லாய் அளந்தது பணமாய் மாறினும் தவணை மட்டும் அறுவடையை விட்டு விலகவில்லை.

பட்டறை ஒரு மொழிக்களமும் ஆகும். ‘டேப்பட் வைத்தல்’, ‘பம்ப் தூக்குதல்’, ‘ஏர் எடுத்தல்’ போன்ற தொடர்களில் பெயர் ஆங்கிலம், வினை தமிழ். ‘ஏர் எடுத்தல்’ என்பதில் வரும் ஏர் காற்று. அதே வயலில் ஏர் என்பது உழுகருவி. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி வேளாண்மைத் தொழிற்சொற்களைக் களஆய்வில் திரட்டி 1962இல் அகராதியாக வெளியிட்டார். தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் சொல்லகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும் வட்டாரச் சொற்களைக் காத்தன. இயந்திர உழவின் சொற்களோ கலப்புச் சொற்கள் என்பதனாலேயே தொகுப்பாளரின் கண்ணுக்கு எளிதில் தப்புகின்றன. தமிழாய்வில் இது சிறு குறையன்று. ஒரு தலைமுறையின் தொழிலறிவு முழுதும் இச்சொற்களில்தான் கிடக்கிறது.

அவ்வறிவின் களம் குறுகி வருவதும் கருதத்தக்கது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு டிரெம்-4 புகை வரம்பு 1-1-2023 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வரம்புக்கேற்ற எஞ்சின்களில் டீசல் செலுத்துதல் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறியது. காதால் கேட்டு நாசிலைத் திருத்தும் கை அங்கே செல்லாது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 1-4-2022 முதல் உயர்த்தப்பட்டது. அறுவடை இயந்திரம் வந்தபின் களத்தில் தாளின்மீது டிராக்டரை ஓட்டிப் போரடிக்கும் வேலையும் அருகிவிட்டது. பழைய வண்டிக்கு எஞ்சியிருப்பவை உழவும் டிரெய்லரும். அவ்விரண்டுக்கும் உடம்பு தாங்காத நிலையில், பின்தண்டில் பெல்ட்டை மாட்டி, வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினாக அது கரையில் நிறுத்தப்படுகிறது.