ஸ்லீப் ஸ்டடிக்குப் போறீங்களா? தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க!

நீங்க குறட்டை விடுறதை ரூம்மேட் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு கலாய்ச்சிருக்காரா? கோபப்பட்டு டெலீட் பண்ணச் சொல்லாதீங்க, வாங்கி வெச்சுக்கோங்க. டாக்டர் முதலில் கேட்பது, தூக்கத்தில் நீங்க எப்படி இருக்கீங்க என்றுதான். அது உங்களுக்கே தெரியாதே! ஓடிக்கொண்டிருக்கும் குறட்டை திடீரென நின்று, சில விநாடிகள் நிசப்தம், பிறகு திணறலோடு மூச்சை இழுப்பது... இது வீடியோவில் இருந்தால் கட்டாயம் காட்டணும்.

'பையன் என்னமா அசந்து தூங்குறான்' என்று குறட்டைக்கு நம் வீடுகளில் கொடுக்கும் சர்டிஃபிகேட் பல நேரம் தப்பு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் உங்களை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. காலையில் அது எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் தலைவலி, மீட்டிங்கில் கொட்டாவி, சிக்னலில் பைக்கில் உட்கார்ந்தபடியே கண் சொருகல்... இதுதான் ஸ்லீப் ஆப்னியா. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீங்க. தாடை சிறிதாகவோ டான்சில் பெரிதாகவோ இருந்தால், ஒல்லியானவர்களுக்கும் வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயநோய் வரை இழுத்துக்கொண்டு போகும்.

சந்தேகம் வந்தால் டாக்டர் எழுதிக்கொடுப்பதுதான் ஸ்லீப் ஸ்டடி. மருத்துவப் பெயர், பாலிசோம்னோகிராஃபி. ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. ஒரு ராத்திரி அங்கே போய்த் தூங்கணும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன்

அன்றைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு, எண்ணெய், ஜெல், சீரம் எதுவும் தடவாமல் போங்க. நம்ம ஊரில் பலர் சறுக்குவது இங்கேதான். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சென்சார் ஒட்டாது. நெயில் பாலிஷ், அடர்த்தியான மருதாணி இரண்டும் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியைக் குழப்பலாம். மதியத் தூக்கம் வேண்டாம். மதியத்துக்கு மேல் காபி, டீயும் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீங்க. எது தொடரணும் என்று டாக்டரிடம் கேட்டுக்கோங்க. தூக்க மாத்திரையோ மதுப்பழக்கமோ இருந்தால் மறைக்காமல் சொல்லிடுங்க. முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான நைட் டிரெஸ் வசதி. உங்கள் தலையணையையும் போர்வையையும் கொண்டுபோகலாமா என்று கேட்டுப் பாருங்க. பெண்கள், பெண் டெக்னீஷியன் வேண்டுமென்றால் புக் பண்ணும்போதே சொல்லிவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸை நம்பிப் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரிங்க. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பல பாலிசிகள் பணம் தராது.

ஒயர் ஒட்டும் படலம்

ரூமில் ஒரு கட்டில், ஒரு ஏ.சி., சுவரில் இருட்டிலும் பார்க்கும் இன்ஃப்ரா ரெட் கேமரா. ஒயர் ஒட்டவே முக்கால் மணி நேரம் ஆகலாம். தலையில் ஒட்டுவது மூளை அலைகளுக்கு. கண்ணோரம் ஒட்டுவது விழி அசைவுக்கு. கனவு காணும் தூக்கத்தைப் பிடித்துக்கொடுப்பது அதுதான். தாடை, கால், நெஞ்சில் சில சென்சார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் ஆளுக்கொரு பெல்ட். மூக்கில் சின்ன டியூப். விரலில் ஒரு கிளிப். கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு செல்ஃபி எடுத்துக்கோங்க.

பிறகு பக்கத்து ரூமிலிருந்து டெக்னீஷியன் குரல் கொடுப்பார். 'மேலே பாருங்க, கீழே பாருங்க, பல்லைக் கடிங்க, காலை அசைங்க, ஒரு தடவை குறட்டை விடுற மாதிரி பண்ணுங்க.' சென்சார் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இது.

'இத்தனை ஒயரோட எப்படிங்க தூங்குறது?' எல்லோரும் கேட்கும் கேள்வி. வீட்டில் தூங்குவதுபோல வராதுதான். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் கெடுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், அதற்கு 'முதல் இரவு விளைவு' என்று பெயரே உண்டு. நீங்க நினைக்கிற அந்த முதலிரவு இல்லை! நாலைந்து மணி நேரம் விட்டுவிட்டுத் தூங்கினாலும் பெரும்பாலும் முடிவு சொல்லப் போதும். அதனால், 'தூங்கியே ஆகணும்' என்று உங்களை நீங்களே மிரட்டிக்காதீங்க. புரண்டு படுக்கலாம். பாத்ரூம் போகணுமா? குரல் கொடுத்தால் போதும், கனெக்‌ஷனைக் கழற்றிவிடுவார். கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு படுத்தால்தான் உள்ள தூக்கமும் போகும்.

ஆப்னியா தீவிரமாக இருப்பது முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்தால், நடுராத்திரி எழுப்பி மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டலாம். பயப்படாதீங்க. காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்தே வைக்கும் 'சிபாப்' கருவி அது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்தியது.

காலையில் முடி முழுக்கப் பசை இருக்கும், வெந்நீரும் ஷாம்பூவும் போட்டால் போய்விடும். சரியாகத் தூங்கவில்லை என்றால் பைக்கை எடுக்காதீங்க, ஆட்டோ பிடிங்க.

ரிப்போர்ட் அன்றைக்கே கிடைக்காமல் போகலாம். பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எட்டு மணி நேரம் என்றால் 960 துண்டுகள்! அதில் ஏ.ஹெச்.ஐ என்ற எண்ணைத் தேடுங்க. மூச்சு குறைந்தது 10 விநாடிகள் நின்றதோ குறைந்ததோ, மணிக்குச் சராசரியாக எத்தனை முறை என்ற கணக்கு அது. பெரியவர்களுக்கு 5-க்குள் என்றால் நார்மல். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

வீட்டிலேயே செய்யும் டெஸ்ட்டும் இருக்கிறது. ஒயர்கள் குறைவு, செலவும் பொதுவாகக் குறைவு. ஆனால், மூளை அலைகளை அது பெரும்பாலும் பதிவு செய்யாது. அதில் 'ஒன்றுமில்லை' என்று வந்த பிறகும் பகலில் கண் சொருகினால், லேபில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிடச் சொல்வார்கள்.